மூன்றாவது பஸ்

“நாளைக்குப் புது வேன்ல முதல் ஆளா நீங்கதான் ஏறணுமாம், அண்ணே. முதலாளி ஒரே பிடியா நிக்கிறாரு.”

ஃபோர்மேன் இதோடு நான்காவது முறையாகச் சொல்லிவிட்டார். ஸ்டோர் கீப்பரோ காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, தனக்குப் பஸ்ஸே போதும் என்று மறுபடியும் மழுப்பினார்.

அந்த அச்சகத்தில் எல்லாம் அவரால் வந்த மாற்றம்தான். மூன்று வருடத்துக்கு முன் திடுதிப்பென்று காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வரத் தொடங்கினார். புகையைக் குறைக்கத்தான் என்று யாரோ சொல்ல, அவரும் மறுக்கவில்லை. அதைப் பார்த்து ஃபோர்மேன் பழைய சைக்கிளைத் தூசி தட்டினார். பைண்டிங் பெண்கள் பிளாஸ்டிக் டம்ளருக்கு முழுக்குப் போட்டார்கள். புரூஃப் தாளின் பின்பக்கத்துக்கும் மரியாதை வந்தது. கடைசியில் முதலாளியே மனம் மாறி, எல்லோரையும் வீட்டிலிருந்து கூட்டிவர பேட்டரி வேன் வாங்கிவிட்டார். பிள்ளையார் சுழி போட்டவரே வர மாட்டேன் என்றால், முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது?

எப்படியாவது சம்மதிக்க வைத்துவிடலாம் என்று, அன்று மாலை சைக்கிளை விட்டுவிட்டு அவரோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார் ஃபோர்மேன். பேச்சுக்கு அந்தக் காரை இழுத்தார். அதன் மேல் உயிரையே வைத்திருந்தீர்களே என்றதும் ஸ்டோர் கீப்பரின் முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனது, பின்சீட்டில் மகள் கொட்டிய மணலை வாரம் முழுக்கத் துடைத்தது, வழியெல்லாம் பாடிவிட்டு அவள் அப்படியே தூங்கிப்போனது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நாட்கள் இனி வருமா என்று பெருமூச்சு விட்டார். மகள் இப்போது எங்கே என்றதற்கு, வேலை கிடைத்துத் தனியாக இருக்கிறாள் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

இரண்டு பஸ்கள் காலியாக வந்து நின்றன. அவர் அசையவில்லை. மூன்றாவதில் கால் வைக்க இடமில்லை. அதில்தான் முண்டியடித்து ஏறினார். ஒன்றும் விளங்காமல் ஃபோர்மேனும் பின்னாலேயே ஏறிக்கொண்டார்.

“வாசலுக்கே வர்ற வண்டியை விட்டுட்டு இந்த நெரிசல்ல நசுங்கணும்னு என்ன தலையெழுத்து, அண்ணே?”

“இதை மட்டும் என்கிட்டேருந்து பிடுங்கிடாதீங்க, தம்பி.”

நிறுத்தம் வந்தது. இறங்கிய ஒவ்வொருவரிடமும் ஓட்டுநர், “பாத்து இறங்குங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக இறங்கிய ஸ்டோர் கீப்பர், பஸ் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“சரி, முதலாளிக்கு நான் என்னதான் பதில் சொல்றது?”

“பஸ் ஓட்டுற வேலைக்குப் போனா என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு என் பொண்ணைத் துரத்தினவன் நான். மூணு வருஷமா என்கிட்ட பேசறதில்ல. ஆனா இறங்குற எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்றா பாருங்க, அதுல எனக்கும் தினம் ஒண்ணு கிடைக்குது.”