தம்பிக்கு ஊற்றிய காப்பி

மயாமியில், நாட்டைவிட்டு வந்த கியூபாக்காரர்களின் காப்பிக்கடை ஜன்னலில் காலை வெயில் சுள்ளென்று விழுகிறது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கவிஞர் எவேலியோ நாட்டுக்காகச் சாகும் கவிதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கியூபாவின் சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் இதே கவிதைதான். "தாயே, உன் மண்ணில் என் ரத்தம்" என்ற இடத்தில் கைக்குட்டையும் தவறாமல் வெளியே வந்துவிடுகிறது. "எப்பவாம் சாகக் கிளம்புறாரு?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் முணுமுணுக்கிறார். "முட்டி வலி தீரட்டும்" என்கிறார் பக்கத்திலிருப்பவர். மிக்தாலியா சிரிக்கவில்லை. இந்தக் கவிதையைக் கேட்டுத்தான் அவள் தம்பி நிவால்தோ கியூபாவின் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கியோடு படகேறினான். கரை சேருமுன் சுட்டுவிட்டார்கள். கவிஞரும் போவதாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல். வாங்கிய காப்பியைச் சின்னக் கோப்பைகளில் எல்லோருக்கும் பங்கிடுமுன், செத்தவனுக்கென்று முதல் கோப்பையை ஊற்றி ஜன்னல் விளிம்பில் தனியாக வைத்திருக்கிறாள். அதை யாரும் தொடமாட்டார்கள். நுரை அடங்கிவிட்டது. "இந்த வருஷமாவது அவன் பேரை ஒரு தடவை சொல்லுங்கண்ணே" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள். "சொல்லாம இருப்பேனாம்மா?" என்றிருந்தார். கவிதை முடிகிறது, கைதட்டல் எழுகிறது, பெயர் மட்டும் வரவில்லை.

"அண்ணே, பேரு?"

"யார் பேரும்மா?" தொண்டை வறண்டு போன கவிஞரின் கை விளிம்புக்குப் போகிறது. நிவால்தோவின் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடிக்கிறார். கைதட்டிய கைகள் அப்படியே நிற்கின்றன. அவர் முகத்தைச் சுளித்து, காலிக் கோப்பையை அவளிடம் நீட்டுகிறார்.

"ஆறிப்போச்சேம்மா. சூடா இன்னொண்ணு ஊத்து."