வேகாத சாப்பாடு

மாமியார் பாவாயி சேலத்துக்கு வருகிறார் என்றால், இலக்கியாவின் சமையலறை முதல் நாளே நிறைந்துவிடும். முளைகட்டிய பச்சைப்பயறு, ஊறவைத்த நிலக்கடலை, தேங்காய், பேரீச்சம்பழம், வெள்ளரி, கொய்யா என்று வைக்க இடமிருக்காது.

“அடுப்புல வெந்ததை நான் தொடறதில்ல சாமி, ஒடம்புக்கு ஆகாது” என்பார் பாவாயி. யூடியூப்பில் ஒரு டாக்டர் சொன்னாராம். காப்பிகூட வேண்டாம், இளநீர்தான்.

“இந்த வயசுல எங்கம்மாவுக்கு என்ன கட்டுப்பாடு பாத்தியா!” என்று பூரித்துப்போவான் நந்தகுமார். இலக்கியா தேங்காய் துருவுவாள்.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து, மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மாமியாரின் ஊரான சேந்தமங்கலம் வரச்சொல்லி முதல் முறையாக அழைப்பு வந்தது.

பந்தியில் மருமகளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பாவாயி, ஆவி பறக்கும் சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்தார். இலக்கியா தன் இலையைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். முளைகட்டிய பச்சைப்பயறு.

“ஏஞ்சாமி, சோறு திங்கலையா? நாட்டுக்கோழி, நானே ஆக்குனது!”

“எனக்கும் வெந்தது ஆகாதுங்க அத்தை.”

“நல்லாத்தானே இருக்கற? ஒனக்கென்ன நோவு?”

“எங்க ஊட்டுக்கு வந்தா மட்டும் உங்களுக்கு வருதே, அதே நோவுதானுங்க.” பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் இலக்கியா. “வேற சாதிக்காரி ஆக்குன சோத்தை நீங்க என்னைக்குத் திங்கறீங்களோ, அன்னைக்கு எனக்கும் சரியாயிருமுங்க.”

எதிர் வரிசையில் நந்தகுமார் தன் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்து, அவள் டப்பாவுக்குக் கை நீட்டினான்.