தையல்கடை முக்கில் பஸ்

தையல்கடை முக்கில் பஸ் மூக்கை நீட்டி நிற்கிறது. அதன் கண்ணாடியில் பட்ட காலை வெயில் எதிர்ச்சுவரில் துள்ளுகிறது. இன்று சோதனை ஓட்டம். சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும் மேட்டுத் தெருவுக்குப் பஸ் கிடையாது. பஸ் வராவிட்டால், பிள்ளைகள் குறைவென்று மேட்டுப் பள்ளியை மூடிவிடுவார்கள். கணக்கு டீச்சர் பஸ்ஸுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளக்கிறாள். பஸ்ஸின் நீள அகலத்துக்குக் கயிறு கட்டி, பிள்ளைகளைச் சுற்றிலும் பிடிக்கவைத்து, போன வாரம் இதே முக்கில் திருப்பிக் காட்டியவள் அவள்தான். "பிள்ளைங்க வளைவாங்க டீச்சர், பஸ் வளையுமா?" என்று கவுன்சிலர் அன்றைக்குச் சிரித்தார். இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தையல்காரர் கடைப்பலகையைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். "பலகை சரிண்ணே, தொப்பையை யாரு கழட்டுறது?" என்று ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கேட்கிறாள். தெரு கொல்லென்று சிரிக்கிறது. பள்ளி மாடியிலிருந்து பிள்ளைகள், ஒத்திகையில் கத்தியதையே கத்துகிறார்கள். "நேரா வாங்கக்கா! இன்னும்! இன்னும்! இப்ப ஒடிங்க!" அவள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறாள். எஞ்சின் உறுமுகிறது. பஸ்ஸின் பின்பக்கம் சுவரை நெருங்கி, நெருங்கி, ஒரு விரல் இடைவெளியில் நழுவிப் போகிறது. தெருவே ஓவென்று கத்துகிறது. கவுன்சிலர் பாய்ந்து படியில் தொற்றிக்கொண்டு, டீச்சரைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். "ஏறுங்க டீச்சர், சீக்கிரம்! மேல இன்னொரு முக்கு இருக்கு. அந்தக் கயிறு எங்க?"