கட்டத்துக்குள் அடங்காத வரி

"மறுபடியும் கோணலாப் போகுது சார்," என்றேன். திரையில் மதிப்பெண் பட்டியல் மேல் நான் மவுஸால் இழுத்த கட்டம் நேராக நிற்கவில்லை.

"பதறாத நெவெனா. நான் இருக்கேன்ல," என்றார் எங்கள் வகுப்பாசிரியர் ஸ்லாவ்கோ சார். தான் தின்றுகொண்டிருந்த பூரெக் என்ற சீஸ் பலகாரத்தில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். அன்று பள்ளியில் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

வுகாஷினின் கணக்கு மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்தாக மாறியிருந்தது. ஒன்று ஃபெயில், ஐந்துக்கு மேலே எதுவும் கிடையாது. மதிப்பெண்களை டைப் செய்பவள் நான். சத்தியமாக அந்த ஐந்தை நான் போடவில்லை. ஆனால் தலைமை ஆசிரியை விசாரிக்க வந்துகொண்டிருந்தார். நான்தான் என்று முடிவு செய்துவிட்டால் இன்றோடு பள்ளி போச்சு.

"அவன் அப்பா கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கார்ல, உனக்கு என்ன குடுத்தார்னு பசங்க கேக்கறாங்க சார்."

"கேட்டுட்டுப் போகட்டும். நடுவுல இருக்கற டெஸ்ட் மார்க்கையெல்லாம் தூக்கிட்டு, மேடத்துக்குக் காட்ட பேரும் கடைசி மார்க்கும் மட்டும் பிரிண்ட் எடு." தன் புது லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார்.

நீக்க வேண்டிய டெஸ்ட் மார்க்குகளைச் சுற்றி மறுபடியும் மவுஸால் செவ்வகமாகக் கட்டம் போட்டு இழுத்தேன். நேராக இறங்கிய கட்டம் வுகாஷின் வரியில் மட்டும் உள்ளே மடங்கியது. அந்த வரியின் வெற்றிடத்தில் கர்சரை நகர்த்திப் பார்த்தேன். மற்ற வரிகளில் எறும்பு மாதிரி நகர்ந்தது, இங்கே ஒரே தாவலாகத் தாவியது.

"சார், இதுல மட்டும் இடைவெளிக்கு டேப் அடிச்சிருக்கு. நான் எப்பவும் ஸ்பேஸ்தான் தட்டுவேன்."

"ஞாபகமில்லாம டேப் தட்டியிருப்ப."

"எப்படி சார் தட்டுவேன்? இந்தக் கீபோர்டுல டேப் கட்டையே இல்லையே. பாருங்க, வெறும் பள்ளம். குத்தினாலும் வேலை செய்யாது. நான் தொடற கம்ப்யூட்டர் இது ஒண்ணுதான், அது மேடத்துக்கே தெரியும். யாரோ இந்த ஃபைல வேற மெஷின்ல மாத்திக் கொண்டுவந்து போட்டிருக்காங்க."

சார் குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார்.

"கெட்டிக்காரிதான். இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"எனக்கே இப்பதானே சார் தெரியுது."

அவர் தந்த பூரெக்கை எடுத்து முதல் வாய் கடித்தேன்.

சார் கீபோர்டின் ஒயரை உருவினார். தலைமை ஆசிரியையிடம் காட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் பையில் லேப்டாப்புக்கு அடியில் செருகினார். அலமாரியிலிருந்து வேறொரு கீபோர்டை எடுத்து வந்து என் முன்னால் மாட்டினார்.

வராந்தாவில் தலைமை ஆசிரியையின் குதிகால் செருப்புச் சத்தம் நெருங்கியது. சார் இடது ஓரத்துக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். கர்சர் தாவியது.

"இதுல டேப் இருக்கேம்மா."