நன்னடத்தைச் சான்றிதழ்

பதினேழாம் நம்பர் வீட்டு வாசலில், வீட்டுக்குள் போடும் செருப்போடும் கையில் பால் பாட்டிலோடும் நின்றிருந்தார் அந்த ஆள். பால் வாங்கிவிட்டு வருவதற்குள் காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று ஃபோனில் சொன்னவர். வேனிலிருந்து இறங்கிய ஹெய்லியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"பூட்டுத் திறக்க ஆள் கேட்டா, பொண்ணை அனுப்பியிருக்காங்க பாரு!"

"யாரும் அனுப்பலை சார். நீங்க ஃபோன்ல பேசினது என்கிட்டதான். தனியாத்தான் தொழில் பண்றேன்."

"தனியாவா? அப்போ உன் மேல திருட்டுக் கேஸ் ஏதும் இல்லேன்னு யாரு ஜவாப்தாரி? இன்னைக்குத் திறந்த கதவை நாளைக்கு நான் இல்லாதப்ப வந்து திறக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

ஹெய்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். போன மாதம் ஒரு அம்மாள், "குற்றப் பதிவுச் சான்றிதழ் கேட்டேன், திருதிருவென்று முழித்தாள்" என்று இணையத்தில் எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டாள். அதன் பிறகு இங்கிலாந்தின் அந்த ஹல் நகரத்தில் இரண்டு வாரம் ஒரு ஃபோன்கூட வரவில்லை. இன்னொன்று அப்படி விழுந்தால் தொழிலை மூட வேண்டியதுதான். சீருடையைச் சுருட்டி எந்த முதலாளி மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்தாளோ, அவன் முன்னாலேயே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதற்குச் சாகலாம்.

வேனிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தை எடுத்து நீட்டினாள். கடன் கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு அவர் அதை வாங்கினார்.

"இது சின்னது. அடிப்படைச் சான்றிதழ். பெருசை எடு."

"பெருசை முதலாளிதான் கேட்டு வாங்கணும். எனக்கு முதலாளி நான்தான். எனக்கு நானே கேட்டா தரமாட்டாங்க. சட்டம் அப்படி."

"நல்ல சட்டம்! இந்தச் சின்னதுல என்ன தெரியும்? அபராதம்னா ஒரு வருஷத்துல பேப்பர்லேருந்து போயிடும். ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னா, தண்டனை முடிஞ்சு இன்னொரு வருஷம். அதுக்கு மேல, நாலு வருஷம் வரைக்கும்னா, முடிஞ்சு இன்னும் நாலு வருஷம் காத்திருக்கணும். அதெல்லாம் முடிஞ்ச ஆளு நீ இல்லேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்.

"அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் உள்ள போனதில்லை."

"வாயைப் பாரு! இந்த வாய்க்கே ஒரு நட்சத்திரம் போடலாம்." ஃபோனை எடுத்து வேன் நம்பரைப் படம் பிடித்தார். பிறகு அவள் முகத்தையும்.

மூஞ்சியில் அறைய வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டாள். "நானும் ஒண்ணு கேட்கணும். இந்த விலாசத்துல உங்க பேரு போட்ட காகிதம் ஏதாவது..."

"என்னையா கேக்கறே?" அவர் குரல் தெருவுக்கே கேட்டது. "லைசென்ஸ், கரண்ட் பில் எல்லாம் உள்ள கிடக்கு கண்ணு. உள்ள போனாத்தானே எடுக்க முடியும்? திருடியா இல்லையான்னு தெரியாம நான் நிக்கறேன், நீ என்னைச் சோதனை போடறியா? எழுதட்டுமா? இப்பவே எழுதட்டுமா?" கட்டைவிரல் ஃபோன் மேலேயே நின்றது.

காகிதம் பார்க்காமல் கதவைத் தொடாதே என்பதுதான் தொழிலில் முதல் பாடம். அது ஹெய்லிக்குத் தெரியும். கதவைத் திறந்த கையோடு காகிதத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று குனிந்தாள்.

தபால் போடும் துளை வழியாக வளைந்த கம்பியை விட்டு, உள் கைப்பிடியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்துகொண்டது.

"ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கா இவ்வளவு ராங்கி?" அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனார். "பேப்பரும் காசும் எடுத்துட்டு வரேன். அங்கேயே நில்லு. உள்ள காலை வைக்காதே."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. தட்டினாள். பதில் இல்லை. மறுபடியும் தட்டினாள். பயந்துபோய் உள்ளே ஒளிந்துகொண்டாரோ என்னவோ, ஒரு பெண் பிள்ளைக்கு இவ்வளவு பயமா என்று சிரிப்புக்கூட வந்தது.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். சீருடை போட்ட சின்னப் பெண்ணைக் கையில் பிடித்தபடி தெருமுனையிலிருந்து வந்த ஒருத்தி, கேட்டருகில் நின்றாள்.

"எங்க வீட்டு வாசல்ல என்ன பண்றீங்க?"

"பூட்டுத் திறக்க வந்தேங்க. உங்க வீட்டுக்காரர்தான் கூப்பிட்டாரு. இப்பத்தான் உள்ள போனாரு."

அவள் கதவையும் ஹெய்லியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை ஹெய்லிக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. இன்னொருத்தியா? விறுவிறுவென்று போய்ச் சான்றிதழை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்களும் நல்லாப் பார்த்துக்கோங்க. என் மேல ஒரு கேஸ் கிடையாது. உங்க வீட்டுக்காரரே எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுத்தான் வேலை செய்ய விட்டாரு."

அவள் காகிதத்தைப் பார்க்கவேயில்லை. மாடி ஜன்னலைப் பார்த்தபடி குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அவனை எப்போ ஜெயில்லேருந்து விட்டாங்க?"