என் ஆளு

ஒரே படத்துக்கு மூன்றாவது முறை டிக்கெட் எடுத்ததில் பழமலைக்குக் கடுப்பு. கொள்ளையடித்த நகைகளோடு மூன்று திருடர்கள் காரில் ஊர் ஊராக ஓடும் படம்.

"சிடி வந்தா வூட்லயே பாக்கலாம்ல?"

"என் ஆளப் பெரிய திரையில பாக்கணுங்க," என்றாள் மனைவி வேல்விழி.

ஹீரோ காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். ஆளில்லாத காரைப் பார்த்து அவள் கைதட்டினாள். பழமலை திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஹீரோவாடி ஒன் ஆளு?"

"அவன் கெடக்குறான்."

"அப்ப வில்லனா?"

"பேசாம பாருங்க."

கடைசியில் கார் பள்ளத்தில் உருண்டது. மூவரும் குதித்துத் தப்பினார்கள். வேல்விழி தேம்பித் தேம்பி அழுதாள்.

"எல்லாரும்தான் பொழச்சிட்டானுங்களே, யாருக்குடி அழுவுற?"

"ஸ்டியரிங் பக்கத்துல ஒரு பீங்கான் பொம்மை இருந்துச்சே, அது நான் கண்ணு வரைஞ்சதுங்க. எடது கண்ணு கோணல்னு எங்க கம்பெனி சூப்பர்வைசரு கழிச்சிட்டாரு. கழிச்சதையெல்லாம் வேப்பூர் ரோட்டுக் கடையிலதான் விப்பாங்க. அங்க வாங்கியிருப்பாங்க போல."

மூன்று முறை பார்த்தும் பழமலைக்கு அந்தப் பொம்மை நினைவுக்கு வரவில்லை.

வேல்விழி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மூணு டிக்கெட்டா எடுங்க. சூப்பர்வைசரும் வராரு."