தொட்டி முன்னால் நிற்காதீர்கள்

"அவளை இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாரு?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் சாது போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது. உடம்பெல்லாம் கடிகாயத்தோடு, பாதி கிழிந்த வாலைத் தொங்கவிட்டபடி, அவள் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தாள்.

ஆசை ஆசையாக வாங்கி வந்த மஞ்சள் ராஸ் மீன் அது. கடைக்காரர் சொன்னபடி ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தொட்டியிலேயே தொங்கவிட்டு, மற்ற மீன்களுக்கு முகம் பழகிய பிறகுதான் திறந்துவிட்டிருந்தான். உப்புத் தண்ணீரும் மணலும் பாறையுமாகக் கூடத்துச் சுவரை அடைத்து நின்ற அந்தத் தொட்டிதான் அவனுக்கு உயிர். ஒரு மீன் இரை எடுக்காவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

சாது என்பது ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று அங்கே பெயர் வாங்கியிருந்தான். வீட்டுக்குள் நடப்பதை அவன் மனைவி சொன்னால் எவன் நம்புவான்?

போன மாதம் அவளுடைய அப்பாவும் அம்மாவும் நியாயம் கேட்டு வந்தபோது, சாதுவைப் பெற்றவள் ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். "என் பையன் ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன். இவ சொல்றதை என் கண்ணால ஒரு தடவை பார்த்தேன்னா, நானே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சே கூடாது." வந்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மகளை விட்டுவிட்டுப் போனார்கள். சாதுவுக்கு அம்மாவை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குளிரும்.

"அம்மா எங்கே?" என்று மனைவியைக் கேட்டான்.

"மூட்டு டாக்டரைப் பார்க்கப் போயிருக்காங்க. பக்கத்து வீட்டு அக்கா கூட்டிட்டுப் போனாங்க. வர நேரமாகும்."

சாது வாசல் கதவைத் தாழ் போட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வழக்கமாகச் சமையலறைக்கு ஓடிவிடுவாள். இன்றைக்குக் கூடத்தின் நடுவிலேயே நின்றாள். திமிர்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டான்.

"சொல்லு. அந்தப் பெரிய நீல மீன்தானே கடிச்சுது?"

"இல்லைங்க. சின்னவன்."

அவள் காட்டியது உடம்பில் ஆறு கோடு ஓடும் இன்னொரு ராஸை. விரல் நீளம்கூட இல்லை. சாதுவைக் கண்டதும் கண்ணாடிக்கு அருகே வந்து, பச்சைக்குழந்தை மாதிரி இரை கேட்டுக்கொண்டிருந்தது.

"இதுவா? நேத்துப் பூரா தொட்டி முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். அவ பக்கம்கூட இது போகல."

"நீங்க நின்னா அது நல்ல பிள்ளைங்க. நீங்க நகர்ந்தாத்தான் பாயுது. கடைக்காரரே சொன்னாரே, அடிக்கிறவனைப் பிடிக்கணும்னா தொட்டி முன்னாடி நிக்காதீங்க, தள்ளி ஒளிஞ்சு நின்னு பாருங்கன்னு. நான் பார்த்தேன்."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

அறை விழுந்த வேகத்தில் அவள் சுழன்று போய்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கூந்தலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, மீன்வலையின் நீளக் காம்பால் முதுகில் விளாசினான். மூன்றாவது அடியில் காம்பு முறிந்தது.

எப்போதும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வாங்கிக்கொள்பவள், இன்றைக்கு வாய்விட்டு அலறினாள்.

"கத்து! நல்லாக் கத்து! யாருடி நம்புவா? எங்கம்மாவே உன்னை நம்பமாட்டா."

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சளக்கென்றது. திரும்பிப் பார்த்தான். சின்னவன் கண்ணாடியருகே வாலை ஆட்டிக்கொண்டு சாதுவாக நின்றான். பாறை இடுக்கிலிருந்து மஞ்சள் துணுக்கு ஒன்று மெல்ல மேலே மிதந்து வந்தது.

அவள் சொன்னது நிஜமாகிவிட்டதே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எட்டி உதைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சுவரோரமாகச் சரிந்தாள். அங்கே சாய்த்து வைத்திருந்த அம்மாவின் கைத்தடி உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது.

கேட்காமலே கையில் ஆயுதம் வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது. குனிந்து எடுத்தான். நல்ல கனம். அவள் தலைக்கு நேரே இரண்டு கையாலும் ஓங்கினான்.

"இன்னைக்கு உன்னைக் கொன்னே போட்டுர்றேன்!"

அவள் கையைக்கூடக் குறுக்கே தூக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. லேசாகத் திறந்திருந்த படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல் அங்கிருந்து கேட்டது.

"தடியைக் கீழே போடுடா. ஸ்டேஷன் வரைக்கும் நடக்க எனக்கு அது வேணும்."